கூஜாவில் வந்த கடலூர் தண்ணி

...அதுக்காக உன் மவனையும் அவன் கூட்டாளிங்களையும் ஒரு வண்டியில ஏத்தி மெட்ராசுக்கு அனுப்பிடுவியா? உக்காருடி இவளே, மொதல்ல உக்காரு. அந்தக் கொத்தவரங்காய இப்படித் தள்ளு, அடுப்புல பருப்பு வேவறதுக்குள்ள பேசிகினே கிள்ளுவோம். உன் மவ போன்ல என்னா சொன்னா? "இங்க தண்ணி சரியில்லம்மா, முடி கொத்துக் கொத்தா கொட்டுது"ன்னு சொன்னா. அவ்ளோதானே? மாமியாக்காரி கொண்டையப் புடிச்சி இழுத்தா, மாப்பிள்ள செவுத்துல மோதினான், இதெல்லாம் அவ சொன்னாளா, நீயா சேத்துகினியா?

ம். அதான பாத்தேன்.

மொறைக்காத. பொண்ணப் பெத்தவளுக்கு வவுறு எரியத்தான் செய்யும். ஆனா எங்க வூட்டுல இதே தண்ணியால ஒரு மனுசனோட காது போச்சி. ஆமாண்டி, காதுதான். இன்னும் கொஞ்சம் வுட்டிருந்தா உசுரே போயிருக்கும். இப்போ நெனச்சா சிரிப்பா வருது, அன்னிக்கி நான் பாவாடையிலயே ஒண்ணுக்குப் போயிட்டேன். கேளு. கேட்டுட்டு அப்புறம் உன் மவன வண்டி ஏத்து.

அப்போ எனக்கு ஒம்பது பத்து வயசு. நம்ம டவுன்ஷிப்புல கேபிள் டிவி வந்த புதுசு. எங்கப்பாவுக்கு மைன்ஸ்ல பர்மனென்ட் வேல. எங்களுக்கு ரெண்டு ரூம்பு குவார்ட்டர்ஸ், வாசல்ல ஒரு பலா மரம், பின்னால ஒரு முந்திரி மரம். பள்ளிக்கூடத்துக்குப் போறேன்னு பையத் தூக்கிகினு கெளம்பி, அந்த முந்திரி மரத்துல ஏறி மணி அடிக்கற வரைக்கும் உக்காந்திருப்பேன். வாத்தியாரும் தேடல, வூட்லயும் கேக்கல. அதான் இன்னிக்கும் பஸ்ஸு வந்தா அது எந்த ஊருக்குப் போவுதுன்னு பக்கத்துல நிக்கறவங்களக் கேட்டுகினு நிக்கறேன். அது கெடக்கட்டும்.

தண்ணியச் சொல்ல வந்தேன். மண்ணுக்கு அடியில இருக்கற தண்ணிய எறைச்சி வெளிய தள்ளினாத்தான் நிலக்கரிய வெட்ட முடியும்னு அப்பா சொல்வாரு. அப்படி எறைச்ச தண்ணிதான் எங்க கொழாய்ல வந்துச்சி. காலையில ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ. எளநி மாதிரி இருக்கும். சோப்பக் கையால தொட்டாப் போதும், முழங்கை வரைக்கும் நொர ஏறும். எத்தினி தடவ அலசினாலும் துணி நொரயக் கக்கிகினே இருக்குதுன்னு அம்மா சலிச்சிக்கும். பருப்ப அடுப்புல வெச்சிட்டு வெங்காயம் உரிச்சி முடிக்கறதுக்குள்ள பருப்பு கொழஞ்சி கூழாயிடும்.

சோப்புக்கும் எங்க வூட்ல பஞ்சம் இல்ல. ஷிப்ட் பாக்கற ஆளுங்களுக்கு கை கால் கழுவச் சோப்பு குடுப்பாங்க. அப்பா அத மிச்சம் புடிச்சி வூட்டுக்கு எடுத்துகினு வருவாரு. செவப்பா, செங்கல்லு மாதிரி கட்டி. பாத்திரம், துணி, நாயி, நாங்க, எல்லாத்துக்கும் அதே சோப்பு. தலைக்கும் அதேதான். சீயக்காய நான் கடையில பாத்ததோட சரி.

எங்க அத்தைக்கு, அப்பாவோட தங்கச்சிக்கு, முடி முட்டி வரைக்கும் இருக்கும். பொய் இல்லடி. ஞாயித்துக்கெழம ஆனா அத்தை தொவைக்கற கல்லு மேல உக்காரும், நான் பின்னால நின்னு அந்தச் செவப்புச் சோப்ப முடி பூரா தேய்ப்பேன். நொர கல்லுல எறங்கி, சாக்கடையில போயி, எதிர் வூட்டு வாசல் வரைக்கும் மேகம் மாதிரி ஊர்ந்துகினு போவும். எதிர் வூட்டு டிரைவரு, அவரு திருநெல்வேலிக்காரரு, மைன்ஸ்ல மண்ணு வெட்டற பெரிய மிஷின் ஓட்டுவாரு, அவரு கத்துவாரு: "ஏட்டி, எங்க வீட்டுக் கோழியெல்லாம் நொரையில முங்கிச் சாவப் போவுது!"

அத்தைக்குத் தாயும் இல்ல தகப்பனும் இல்ல. அப்பாதான் தூக்கி வளத்தாரு. கல்யாணம் பண்ணி அனுப்பறப்போ சீரோட சீரா ஒரு அட்டப் பொட்டி நெறைய அந்தச் சோப்ப வெச்சி அனுப்பினாரு. அம்மா கூட கிண்டல் பண்ணுச்சி, "தங்கச்சிய வாழ வெக்கறியா, வண்ணாந்தொறைக்கு அனுப்பறியா?"ன்னு. அப்பா சிரிக்கல. "எம் புள்ள தலைக்கு அந்தச் சோப்புதான் ஒத்துக்கும்"னாரு.

மாப்பிள்ள ஊரு கடலூரு, துறைமுகத்துப் பக்கம். மாமாவுக்கு ஐஸ் பேக்டரியில வேல. அவரும் அவரு அம்மாவும் மட்டுந்தான். அந்தம்மாவ நான் கடலூர் ஆயான்னு கூப்புடுவேன். ஆளு நல்ல ஒசரம், கதவு அடைக்கற மாதிரி தேகம், மூக்குல ரெண்டு பக்கமும் பெரிய மூக்குத்தி. பேசினா தெருவுக்கே கேக்கும்.

தையில கல்யாணம். ஆடிக்குப் பொண்ண அழைச்சிகினு வரணும் இல்ல, அப்பாவுக்கு லீவு கெடைக்கல. மாமாவே அத்தைய பஸ்ஸுல ஏத்தி வுட்டுட்டாரு, வர்ற ஞாயித்துக்கெழம அம்மாவோட வர்றேன்னு சொல்லி. அத்தை தனியா வந்து எறங்குச்சி. தலையில முக்காடு போட்டிருந்துச்சி.

"என்னாடி, தலைவலியா?"ன்னு அம்மா கேட்டுச்சி.

நான் ஓடிப் போயி இடுப்பக் கட்டிக்கினேன். கட்டிக்கினதுல முந்தானை வழிஞ்சி எறங்கிடுச்சி. முடி இல்ல. முட்டி வரைக்கும் இருந்த முடி கழுத்தோட நிக்குது. எலி கரண்டின மாதிரி ஒரு பக்கம் தூக்கியும் ஒரு பக்கம் எறக்கியும்.

அம்மா ஓங்கி ஒண்ணு வுட்டுச்சி அத்தை கன்னத்துல. "என்னா காரியம்டி செஞ்ச? எவனப் பாத்த?"

ஏன்னு கேளு. அதுக்கு மொத வருசந்தான் அப்பா பொறந்த ஊர்ல, முத்தாண்டிக்குப்பம் பக்கம், ஒரு பொம்பளைய இழுத்தாந்து நடுத்தெருவுல உக்கார வெச்சி முடிய அறுத்தாங்க. யாரோடயோ பேசிச்சின்னு. கட்டின புருசன் உசுரோட இருக்க ஒரு பொம்பளைக்கு முடி போச்சின்னா எங்காளுங்களுக்கு ஒரே அர்த்தந்தான்.

அத்தை கன்னத்தப் புடிச்சிகினு சொல்லுச்சி, "இல்ல அண்ணி, தண்ணி. அங்க கொழாய்த் தண்ணி உப்பு. தலைக்குத் தேய்ச்சி ஊத்தினா முடி மெழுவு ஊத்தினாப்போல ஒட்டிக்குது. கட்டி கட்டியா சடை வுழுந்துடுச்சி. எண்ண வெச்சிப் பாத்தேன், மண்ணெண்ண கூட வெச்சிப் பாத்தேன். சீப்பு ஒடஞ்சிது. அப்புறம் எங்க மாமியாதான் வெட்டினாங்க. நான்தான் வெட்டச் சொன்னேன்."

இதுல எங்கம்மா காதுல வுழுந்தது 'மாமியாதான் வெட்டினாங்க'ங்கறது மட்டும். அத்தை கைய இழுத்துப் பாத்துச்சி. ரெண்டு கையும் சொரசொரன்னு தோலு வெடிச்சி, செவப்பு செவப்பா கோடு. "இது?"

"அதுவும் தண்ணிதான் அண்ணி. அரிக்குது, சொறிஞ்சிக்கினேன்."

எங்க பிளாக்குல ஒரு அக்கா இருந்துச்சி. வாராவாரம் பாத்ரூம்ல வழுக்கி வுழும். புருசன் சம்பளம் வாங்கற நாளாப் பாத்துக் கட்டாயம் வழுக்கும். கண்ணு வீங்கி வந்து கொழாயில நிக்கும், யாராவது கேட்டா "வழுக்கிடுச்சிக்கா"ன்னும். எல்லாரும் தலைய ஆட்டுவாங்க. அதே மாதிரி எங்கம்மாவும் தலைய ஆட்டுச்சி. அடிச்ச கையாலயே அத்தைய இழுத்து மடியில போட்டுகினு அழுதுச்சி. "சொல்லாதடி. நீ ஒண்ணும் சொல்லாத. எனக்குத் தெரியும்."

பாவம் அத்தை, உள்ளதச் சொல்லுச்சி. ஒருத்தரும் நம்பல.

ஷிப்ட் முடிஞ்சி அப்பா வந்தாரு. பாத்தாரு. மூலையில இருந்த ஸ்டூல எடுத்துத் தரையில அடிச்சாரு, காலு தனியா பலகை தனியா போச்சி. குடிதண்ணிப் பானைய ஒதைச்சாரு. நான் கட்டிலுக்கு அடியில போயிட்டேன்.

"அண்ணா, தண்ணியாலதான்..." அத்தை ஆரம்பிச்சிச்சி.

"தண்ணி என்னா கத்திரிக்கோலா?"ன்னு கத்தினாரு அப்பா. "தண்ணியாம் தண்ணி! நான் தண்ணியப் பாக்காதவனா? நாள் பூரா தண்ணியிலதான் நிக்கறேன்!"

சத்தம் கேட்டு எதிர் வூட்டு டிரைவரு வந்துட்டாரு. அத்தை தலையப் பாத்தாரு, அப்படியே வாசல்படியில உக்காந்துட்டாரு. "என்னவே இது? பொட்டப்புள்ள தலையில கைய வச்சிருக்கானுவளே. கெளம்பும்வே, இப்பமே போயி ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்."

"நாம போவ வேணாம்"னாரு அப்பா. "ஞாயித்துக்கெழம அவனே வர்றான்."

அந்த வாரம் பூரா அப்பா வூட்ல யாரோடயும் பேசல. ஆனா நானும் அத்தையும் பேசினோம் பாரு, அப்படிப் பேசினோம். கல்லு மேல உக்காந்து அத்தை அந்தக் குட்ட முடிக்குச் சோப்பு போடும். நொர பொங்கறதப் பாத்துப் பாத்து சிரிக்கும். கடலூர்ல காலையில பருப்பு ஏத்தினா மாமா வேலைக்குப் போற வரைக்கும் கூழாங்கல்லு மாதிரி ஓடிகினே இருக்குமாம், வேவாதாம். கடலூர் ஆயா "சோறாக்கத் தெரியாதவளப் புடிச்சாந்துட்டேனே"ன்னு மொத மாசம் பூரா கத்துச்சாம். மாமா என்னா பண்ணுவாராம், "எனக்கு வேவாத பருப்புதாம்மா புடிக்கும், பல்லுக்கு நல்லது"ன்னு கடகடன்னு மென்னு தின்னுவாராம். தண்ணி காய வெக்கற அண்டாவுல உள்ள பூரா வெள்ளையா ஓடு கட்டிக்குமாம், கல்லால தட்டினா கிளிஞ்சல் மாதிரி பேந்து வுழுமாம். வெள்ளச் சட்டை மஞ்சளா ஆயிடுமாம். டீ கூட ஒரு மாதிரி கடுக்குமாம். "கடலு எங்க வூட்டுக்குள்ள வாடகைக்குக் குடியிருக்குதுடி"ன்னு மாமா சொல்வாராம். சொல்லிட்டு அத்தை வாயப் பொத்திகினு சிரிச்சிது.

நான் அம்மாகிட்ட ஓடிப் போயி சொன்னேன், "அத்தை மாமாவப் பத்திப் பேசிகினு சிரிக்குதும்மா."

அம்மா கண்ணத் தொடைச்சிகினு சொல்லுச்சி, "புத்தி பேதலிச்சிப் போச்சி பாவம்."

ஞாயித்துக்கெழம. வாசல்ல பலா மரத்தடியில சாக்கு விரிச்சி அம்மா பலாப்பழம் அறுத்துகினு இருக்குது. சீசன் முடியற நேரம், கடைசிப் பழம். கத்தியில எண்ண, கையில எண்ண. பக்கத்துல தண்ணி புடிச்சி வெச்ச டிரம்மு. டிரைவரு சுவத்து மேல உக்காந்து காலாட்டிகினு இருக்காரு. அப்பா லீவு நாள்ல மைன்ஸ் பூட்ஸ் மாட்டிகினு வாசல்ல நிக்கறாரு. எதுக்கு இன்னிக்கி பூட்ஸுன்னு எனக்குப் புரியல. அத்தைய ரூம்புல வெச்சிக் கதவ வெளிய தாழ்ப்பா போட்டிருந்தாங்க.

வந்தாங்க. கடலூர் ஆயா முன்னால. ஒரு கையில பையி, ஒரு கையில பித்தளைக் கூஜா, அதான் பயணம் போறப்போ தண்ணி எடுத்துப் போவாங்களே, திருகு மூடி வெச்சது. அந்தம்மாவுக்கு எங்க போனாலும் ஊர்த் தண்ணிதான் குடிக்கணும். "உங்க தண்ணியில ருசியே இல்ல, குடிச்சா தாகம் அடங்க மாட்டேங்குது"ன்னு கல்யாணத்துலயே சொல்லுச்சி. பின்னால மாமா, பட்டுச் சட்ட, கையில வாழையெலையில சுத்தின மல்லிப்பூ. பந்து மாதிரி பெரிய பூ.

அந்தப் பூவப் பாத்தாரு பாரு எங்கப்பா.

"முடிய அறுத்துட்டுப் பூவாடா வாங்கியாந்த?"

மாமா "மச்சான், அது வந்து..."ன்னு வாயத் தொறந்தாரு. அப்பா வலது கைய வீசி எடது காதோட சேத்து ஒரு அறை வுட்டாரு. பட்டாசு வெடிச்ச மாதிரி சத்தம். மாமா அப்படியே சுத்தி, அறுத்து வெச்ச பலாப்பழத்து மேல வுழுந்தாரு. டிரைவரு சுவத்துலேருந்து குதிச்சி மாமா காலப் புடிச்சி இழுக்கறாரு. அப்பா பூட்ஸ் காலால வெலாவுலயே ஒதைக்கறாரு. காதுலேருந்து ரத்தம் கழுத்துல எறங்குது.

கடலூர் ஆயா என்னா பண்ணுச்சி தெரியுமா? ஓடல, கத்தல. கூஜாவ எடுத்துப் போயி மரத்து ஓரமா, சாயாத எடமாப் பாத்துப் பத்திரமா வெச்சிது. முந்தானைய இழுத்து இடுப்புல சொருவுச்சி. அப்புறந்தான் எறங்குச்சி.

"எம் புள்ள மேலயாடா கைய வெக்கற? வாங்கடா, மைன்ஸ் பூரா வாங்கடா!"

பாதி பலாப்பழம், முள்ளோட, அத ரெண்டு கையாலயும் தூக்கி டிரைவரு முதுவுல போட்டுச்சி. அவரு "எம்மா!"ன்னு திரும்பினா கையப் புடிச்சிக் கடிச்சிடுச்சி. வுடல. நாயி கவ்வின மாதிரி தொங்குது. எங்கம்மா தடுக்கப் போச்சி, எண்ணக் கையில கத்தி வழுக்கி கடலூர் ஆயா உள்ளங்கையக் கிழிச்சிடுச்சி. அந்த ரத்தக் கையாலயே எங்கம்மாவுக்கு ஒரு அறை. அம்மா போயி டிரம்மு மேல வுழ, டிரம்மு சாஞ்சி தண்ணி அம்புட்டும் வாசல்ல ஓடுது. கத்தி எங்கியோ போயி வுழுந்துச்சி. அக்கம்பக்கத்துல எல்லாரும் வேலிக்கு அந்தாண்ட நின்னு பாக்கறாங்க, ஒருத்தரும் உள்ள வரல. ஒரு பாட்டி நாற்காலி எடுத்தாந்து போட்டுகினு உக்காந்துச்சி.

இந்தக் களேபரத்துல ஆயா கொண்டாந்த பையி கிழிஞ்சிடுச்சி. உள்ளேருந்து வெளிய வுழுந்துச்சிடி, அத்தையோட முடி. நீளமா, கருப்பா, கயிறு மாதிரி முறுக்கி முனையில நூலு கட்டின முடி.

அது எதுக்குன்னு இப்போ தெரியும். வெட்டின முடிய ஆயா வீசல. மாசக்கணக்கா எண்ணையில ஊற வெச்சி, சீயக்காய்ல அலசி, சிக்கு எடுத்து, நல்ல முடிய மட்டும் பொறுக்கி சவுரியா கட்டியிருக்குது. மருமவ தலையில வெச்சி முடிஞ்சி, அது மேல பூ வெச்சி, ஊரு பாக்கற மாதிரி கோயிலுக்கு இட்டுகினு போவ. மாமா வாங்கியாந்த பூ அதுக்குத்தான்.

எங்கப்பாவுக்கு அது தெரியுமா? வெட்டின முடியவே எடுத்தாந்து காட்டறானுங்கன்னு நெனச்சிட்டாரு. அவரு மூஞ்சி அப்படி ஒரு மாதிரி ஆயி நான் பாத்ததே இல்ல. சத்தம் இல்ல. குனிஞ்சாரு, முடிய எடுத்தாரு, கீழ கெடந்த மாமா கழுத்துல ஒரு சுத்து சுத்தினாரு. ரெண்டு முனையும் புடிச்சி இழுத்தாரு.

"இதாலயே போடா."

மாமா காலு தரையில அடிச்சிக்குது. கண்ணு பிதுங்குது. ஆயா டிரைவர வுட்டுட்டு ஓடியாந்து அப்பா முதுவுல ஏறிக் குத்துது, அவரு அசையல. டிரைவரே பயந்துட்டாரு. "வே, வுடும், செத்துருவான், வுடும்வே!" அப்பா காதுல ஏறல.

நான் என்னா பண்ணேன்னா, ஓடிப் போயி எம்பிக் குதிச்சி ரூம்புத் தாழ்ப்பாவத் தொறந்து வுட்டுட்டேன்.

அத்தை வெளிய வந்துச்சி. ஒரு பார்வ. கீழ கெடந்த பலாக் கத்திய எடுத்துச்சி. அப்பாவக் குத்தப் போவுதுன்னு அம்மா அலறுச்சி. அத்தை முட்டி போட்டு உக்காந்து, மாமா கழுத்துக்கும் அந்த முடிக்கும் நடுவுல கத்திய வுட்டு ஒரே இழுப்பு. முடி அறுந்து போச்சி. மாமா தாடையில ஒரு கீறல். இழுத்துகினு இருந்த வேகத்துல அப்பா பின்னால மல்லாக்க வுழுந்தாரு, ரெண்டு கையிலயும் ரெண்டு பாதி முடி.

"வெட்டச் சொன்னது நான்னு சொன்னேன்"ன்னுச்சி அத்தை. மூச்சு வாங்குது. "நம்பல. இப்போ நானே வெட்டிட்டேன். நல்லாப் பாத்துக்கோ."

காத்துல முடி பறக்குது. பலாச் சொளையில ஒட்டுது, வேலியில மாட்டுது. மாமா இருமி இருமி மூச்ச இழுத்தாரு. அப்பாடா, உசுரு இருக்குது.

அதுக்கப்புறந்தான் எல்லாருக்கும் ரத்தம் கண்ணுக்குத் தெரிஞ்சிது. மாமா தலை பூரா ரத்தமும் பலாப்பாலும். கழுவலாம்னா டிரம்மு கவுந்து கெடக்கு, கொழாயில சாயந்தரந்தான் தண்ணி. அம்மா சுத்திப் பாத்துச்சி. மரத்து ஓரத்துல கூஜா. அந்தப் போர்ல அது மட்டும் அப்படியே நின்னுச்சி. அம்மா அத எடுத்துத் திருகித் தொறந்து, அந்தச் செவப்புச் சோப்ப எடுத்தாந்து, மாமா தலையில ஊத்தித் தேய்ச்சிது.

நொர வரல.

அம்மா இன்னும் தேய்ச்சிது. வெள்ள வெள்ளையா திப்பி திப்பியா வருது, திரிஞ்ச பாலு மாதிரி. ரத்தத்தோட சேந்து முடியில மெழுவாட்டம் அப்பிக்குது. அம்மா வெரல எடுக்கப் பாக்குது, முடியோட சேந்து வருது. மாமா "ஆ"ன்னாரு.

"என்னாய்யா சோப்பு இது?"ன்னுச்சி அம்மா.

அப்பா எழுந்து வந்தாரு. சோப்பப் புடுங்கினாரு. தன் கையில அந்தத் தண்ணிய ஊத்திகினு தேய்ச்சாரு. அதே கதிதான். கையில இருந்த ரத்தம் போவல, பிசுபிசுன்னு சாம்பல் கலர்ல கட்டிக்கிச்சி. மறுபடி ஊத்தினாரு. மறுபடி தேய்ச்சாரு. டிரைவரும் கைய நீட்டித் தொட்டுப் பாத்தாரு.

கடலூர் ஆயா காலு ரெண்டையும் நீட்டித் தரையில உக்காந்து, கிழிஞ்ச கைய முந்தானையில சுத்திகினு இருந்துச்சி. மெதுவா, அந்தம்மா மெதுவாப் பேசி அன்னிக்கித்தான் கேட்டேன், சொல்லுச்சி:

"தேயி. இன்னும் நல்லாத் தேயி. உந் தங்கச்சியும் அப்படித்தான் தேய்ச்சா. எங்க தண்ணிக்கு சோப்பு ஆவாதுடி, சீயக்கா போடுடின்னு தலபாடா அடிச்சிகினேன். 'எங்கண்ணன் குடுத்த சோப்பு, எங்கண்ணன் குடுத்த சோப்பு'ன்னு பொட்டி தீர்ற வரைக்கும் தேய்ச்சா."

அப்பா கையில இருந்த சோப்பப் பாத்தாரு.

அப்புறம் ஆஸ்பத்திரி. டாக்டரு மாமா காதப் பாத்தாரு, ஆயா கையப் பாத்தாரு, எங்கம்மா கன்னத்தப் பாத்தாரு. "என்ன நடந்தது?"ன்னாரு. எங்கப்பா தலை குனிஞ்சி நிக்கறாரு. ஒரு வார்த்த ஆயா சொன்னா வேல போயிடும், ஜெயிலு. ஆயா சொல்லுச்சி, "பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டோம் ஐயா."

"எல்லாருமா?"

"ஆமா. ஒருத்தரத் தூக்கப் போயி ஒருத்தரு."

டாக்டரு டிரைவரு கையத் திருப்பிப் பாத்தாரு. "இது பல்லு பட்ட காயமா இருக்கே?"

"பெரிய பாத்ரூமு ஐயா"ன்னுச்சி ஆயா.

அன்னிக்கி சாயந்தரமே கெளம்பிட்டாங்க. ஆடியாவது ஒண்ணாவது, அத்தையும் அவங்களோடயே கெளம்பிடுச்சி. அம்மா எவ்ளோ சொல்லியும் நிக்கல. போறதுக்கு முன்னால கொழாயில தண்ணி வந்துச்சி. அத்தை அந்தக் காலிக் கூஜாவக் கழுவி, எங்க தண்ணியப் புடிச்சி மூடிகினு போச்சி. அப்பா முகத்த அது பாக்கல. அப்பா அந்தக் கூஜாவப் பாத்தாரு.

வாசல்ல கெடந்த முடியப் பெருக்கவே முடியல. பெருக்கப் பெருக்க வந்துச்சி. அடுத்த மாசம் முந்திரி மரத்துல ஏறினேன், அணில் கூடு ஒண்ணு. உள்ள மெத்த மாதிரி அத்தை முடி.

அடுத்த லீவு நாள்ல அப்பா ரெண்டு கேன் நெறைய நம்ம கொழாய்த் தண்ணி புடிச்சிகினு பஸ் ஏறினாரு. நானும் கூடப் போனேன். குள்ளஞ்சாவடி தாண்டினதும் கண்டக்டரு கேன் மூடியத் தொறந்து மோந்து பாத்தாரு, சாராயமோன்னு. வெரல வுட்டு நக்கியும் பாத்தாரு. "ஏன்யா, தண்ணியா? கடலூர்ல இல்லாத தண்ணியா?"ன்னாரு. அப்பா மூடிய வாங்கித் திருகினாரு. அந்த வூட்டு வாசல்ல கேன வெச்சாரு, திரும்பினாரு. உள்ளேருந்து ஆயா கொரலு மட்டும் வருது: "ரவுடி வந்துட்டுப் போறான், கேன எடுத்து உள்ள வைடி."

அப்படியே நடந்துச்சி. ஒவ்வொரு லீவுக்கும் கேனு. ஒவ்வொரு தடவையும் ரவுடி. அத்தை முடி தோளுக்கு வந்துச்சி, முதுவுக்கு வந்துச்சி. உள்ள வான்னு ஒருத்தரும் கூப்புடல, அவரும் எதிர்பாக்கல. ஒரு நாள் நல்ல மழ. அப்பா நனஞ்சிகினே கேன வெச்சிட்டுத் திரும்பறாரு. ஆயா கதவண்ட வந்து நின்னுச்சி.

"ஏ ரவுடி. உன் தண்ணியில வெச்ச பருப்பு. உருத் தெரியாம வெந்து கெடக்கு, கொழகொழன்னு. எங்களால திங்க முடியல. நீ வந்து தின்னு."

உள்ள போனோம். எலை போட்டாங்க. மாமா உக்காந்திருந்தாரு, அப்பா போயி அவருக்கு எடது பக்கம் உக்காந்தாரு. செத்த காது பக்கம். சோத்தப் பெசஞ்சிகினே, எலையப் பாத்துகினே, அந்தக் காதுகிட்ட அப்பா ஏதோ சொன்னாரு. ஒதடு அசஞ்சத நான் பாத்தேன். அத்தையும் பாத்துச்சி, கரண்டிய வெச்சிகினு அப்படியே நின்னுச்சி. மாமா ஒண்ணும் கேக்காத மாதிரி, "இன்னும் கொஞ்சம் பருப்பு ஊத்து"ன்னாரு.

எங்கப்பா போய்ச் சேந்த அன்னிக்கி மாமா வந்திருந்தாரு. காரியமெல்லாம் முடிஞ்சி உக்காந்திருந்தப்போ நான் கேட்டேன். வலது பக்கம் போயிக் கத்திதான் கேக்கணும், என்னா ரகசியம் இருந்தாலும் அவருகிட்ட கத்தித்தான் ஆவணும். "மாமா, அன்னிக்கி அப்பா உங்க காதுல என்னா சொன்னாரு?"

எடது காதத் தொட்டுக் காட்டினாரு. "இதுலயா?"

"ஆமா."

"இந்தக் காது உங்கப்பா எடுத்துகினது"ன்னாரு. "அவரு காதுல அவரு என்னா வேணா பேசிக்குவாரு. நான் ஏன் கேக்கணும்?" சொல்லிட்டுச் சிரிச்சாரு. சிரிச்சிகினே கண்ணத் தொடச்சிக்கினாரு.

அதான் சொல்றேன், உன் மவன மெட்ராசுக்கு அனுப்பு. வேணாங்கல. கூட்டாளிங்க வேணாம், ரெண்டு கேன் தண்ணி குடுத்து அனுப்பு. உன் மவ தண்ணின்னு சொன்னா தண்ணிதான்னு மொதல்ல நம்பு. நம்பிட்டு அப்புறம் நேர்ல போயி அவ கைய இழுத்து நீயே பா... அய்யய்யோ, பருப்பு! பொங்கி அடுப்பெல்லாம் ஊத்துது பாரு, பேச்சு சுவாரஸ்யத்துல... நகருடி, அந்தக் கரித்துணிய எடு!